சொல்லப்படாத பிரார்த்தனை

திருவள்ளூர் ஸ்ரீவீரராகவப் பெருமாள் கோயிலின் திருக்குளத்துக்கு ஹிருத்தாபநாசினி என்று பெயர். உள்ளத்தில் மூண்ட வெம்மையைத் தணித்து அழிப்பது என்பது பொருள். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான இத்தலத்தில், முதியவர் வேடத்தில் வந்த பெருமாள் சாலிஹோத்திர முனிவரிடம் அமுது பெற்று உண்டார். பிறகு படுத்து இளைப்பாற இடம் வேண்டி 'எவ்வுள்?' என்று வினவினார். அதனால் ஊருக்குத் திருஎவ்வுள் என்ற பெயர் அமைந்ததாகத் தலவரலாறு கூறுகிறது. சயனக்கோலத்தில் இருக்கும் பெருமாளின் திருக்கரம் முனிவரின் தலைமீது படிந்திருக்கிறது. வைத்திய வீரராகவர் என்றே பக்தர்கள் அவரை உரிமையோடு அழைப்பார்கள்.

அமாவாசையன்று அந்தக் குளக்கரையில் சற்று நேரம் அமர்ந்திருந்தால் ஒன்று புலப்படும். வெல்லம் கரைக்க வருகிறவர்கள் தங்கள் வேண்டுதலை மறைப்பதில்லை. மரு உதிர வேண்டும், பேரனின் வயிற்றுவலி தீர வேண்டும் என்று முன்பின் அறியாத பக்கத்துப் படிக்காரரிடமும் சொல்வார்கள். அவரும் தம் மூட்டுவலியைச் சொல்வார். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலுள்ள சிறுவாபுரி முருகனிடம் செவ்வாய்க்கிழமைதோறும் சொந்த வீடு வேண்டி வருகிறவர்களும் அப்படியே. ஆனால், எந்த நோயின் பெயரைக் குளமே தாங்கி நிற்கிறதோ, அந்த நோயை மட்டும் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மகன் ஆறு மாதமாகச் சிரிக்கவில்லை என்பதையும், மருமகளின் காதில் யாரோ பேசும் குரல் கேட்கிறது என்பதையும் கண்களை மூடிக்கொண்டு பெருமாளிடம் சொல்லிவிட்டு, கேட்பவரிடம் "சும்மா சேவிக்க வந்தோம்" என்று எழுந்துவிடுகிறார்கள்.

சோளிங்கரில் நிலைமை சற்று வேறு. சின்ன மலையில் யோக ஆஞ்சநேயரைச் சேவிக்க 406 படிகள் ஏறுவதற்கு முன்னால் தக்கான் குளத்தில் நீராடும் கூட்டத்தில், சித்தம் கலங்கிய பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துவரும் தாய்மார்களைக் காணலாம். அங்கே எவரும் எவரையும் வியந்து பார்ப்பதில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் கதை மாறுகிறது. எதிர்வீட்டுக்காரருக்கு அது 'நரசிம்மர் தரிசனம்'. மகன் வேலை பார்க்கும் ஆலைக்கு அது 'மஞ்சள் காமாலை'.

எளாவூரில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிலையம் எளாவூர். அதைத் தாண்டினால் ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திர எல்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடி உள்ள ஊர் என்றால் லாரி ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். இங்குள்ள வீடுகளிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பகல் ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்குமாக ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நினைத்துக்கொண்ட அந்த வீட்டில் ஓய்வுபெற்ற தகப்பனார், தாயார், முப்பது கடந்த மகன், வரன் பார்த்துக்கொண்டிருக்கும் மகள் என்று நால்வர். மகனுக்கு உருக்காலையில் வேலை. மாறி மாறி வந்த இரவு ஷிப்டில் தூக்கம் கெட்டது. பிறகு பசி கெட்டது. பிறகு எவரும் பேசாதபோதும் பேச்சு கேட்கத் தொடங்கியது. தாயார் முதலில் மந்திரித்த கயிறு கட்டினார். தகப்பனார் சென்னைக்கு அழைத்துப்போய் மருத்துவரிடம் காட்டினார். மாத்திரையும் பலன் தந்தது. இருவரும் தவறு ஒன்றும் செய்யவில்லை.

சங்கடம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். "கம்பெனியில வாயைத் திறக்காதே, தங்கச்சி ஜாதகம் வெளியே போயிருக்கு" என்று தாயார் சொன்னார். தகப்பனார் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் மஞ்சள் காமாலை என்று சான்றிதழ் வாங்கினார். மகன் மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்பினான். மாத்திரையின் மயக்கம் காலை ஷிப்டில் கண்ணைச் செருகியது. உலையருகே நிற்பவன் கண் செருகினால் என்ன ஆகும் என்பதை எளாவூரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேற்பார்வையாளர் 'ராத்திரியில் குடித்துவிட்டு வருகிறான்' என்று எண்ணினார். மகன் மாத்திரையை நிறுத்தினான். நோய் திரும்பியது. இந்த வீட்டுக்குப் பெயர் வேண்டாம். எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய வீடு இது.

இந்தப் பொய்க்குக் கொடுத்த விலை எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதும் தகும், ஏனெனில் பெரியவர்கள் பலர் அதைப் பார்ப்பதில்லை. ஆலையில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் வாங்குகிறவர்கள் தொழிலாளர் அரசு காப்புறுதியில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில் அடங்குவர். சாதாரண நோய் என்றால், உரிய சந்தா செலுத்தியிருப்பவருக்கு ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். நீண்டகால நோய்களுக்கு வேறு விதி. காசநோய், புற்றுநோய் முதலான 34 நோய்கள் அடங்கிய பட்டியல் ஒன்று உண்டு. அதிலுள்ள நோய் என்றால், இரண்டு ஆண்டு தொடர்ந்து பணியில் இருந்து சந்தா நிபந்தனையை நிறைவு செய்தவருக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு வரை, தேவைப்பட்டால் இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். அந்தப் பட்டியலில் மனச்சிதைவும் இருக்கிறது, கடுமையான மனச்சோர்வும் இருக்கிறது, உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வாட்டும் இருமுனை நோயும் இருக்கிறது. முதியோர் மறதி நோய்கூட இருக்கிறது. மஞ்சள் காமாலை என்று எழுதி வாங்கிய சான்றிதழ் இந்தக் கதவைத் திறக்காது. மேலும், நோய்க்கால உதவி பெறும் நாட்களில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டமே தடை விதித்தது. உண்மை நோயைச் சொல்லியிருந்தால் அந்த மகன் வீட்டில் இருந்தபடியே குணமாகியிருக்கலாம். குடும்பமும் பட்டினி கிடந்திருக்காது.

மகாபாரதப் போர்க்களத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பகவத் கீதையின் முதல் அத்தியாயத்துக்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்றால் பெருந்துயரம். ஒருவனது துயரத்தையே யோகம் என்று பெயரிட்டு நூலின் வாசலில் வைத்தார்கள் நம் முன்னோர். அர்ஜுனனுக்குப் போர்க்களம்தான் பணியிடம். இரண்டு சேனைகளும் பார்த்துக்கொண்டிருக்க, உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, தோல் எரிகிறது, வில் கைநழுவுகிறது, மனம் சுழல்கிறது, நிற்கவும் முடியவில்லை என்று அவன் தன் நிலையை ஒன்று விடாமல் சாரதியிடம் சொல்கிறான். வீரனாயிற்றே, சொல்லலாமா என்று தயங்கவில்லை. இது மருத்துவர் கணக்கில் நோய்தானா என்பது வேறு விஷயம். மறைக்காமல் சொன்னான் என்பதே இங்கே கவனிக்கத் தக்கது.

பலரும் கடந்துபோகும் இன்னோர் இடமும் அங்கே உண்டு. இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் கண்ணன் முதலில் சொல்வது கடிந்துரைதான். இந்தத் தளர்ச்சி உனக்குத் தகாது, எழுந்திரு என்கிறார். வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் "இதெல்லாம் ஒண்ணுமில்லே, எழுந்து வேலையைப் பார்" என்பார்களே, ஏறக்குறைய அதே பேச்சு. அர்ஜுனன் எழுந்திருக்கவில்லை. தன் கலக்கத்தை மறுபடியும் எடுத்துச் சொல்லி, போர் செய்யமாட்டேன் என்று மௌனமாகிவிடுகிறான். அதன் பிறகே பகவான் முறுவலோடு பேசத் தொடங்குகிறார். அந்தப் பேச்சு பதினெட்டாம் அத்தியாயம் வரை நீள்கிறது. 'எழுந்திரு' என்ற ஒற்றைச் சொல் பகவான் வாயிலிருந்து வந்தபோதும் உடனே பலிக்கவில்லை என்றால், மனிதர்கள் அதை நாள்தோறும் சொல்லிப் பலனை எதிர்பார்ப்பது எப்படி?

கோயிலுக்குப் போனால் இந்த நோய் தீருமா என்பது வயதானவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. இதற்கு ஓரளவு விடை தேடிய ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. தென்பகுதியில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரில் உள்ள முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளைப் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். புறப்படும்போது நோயின் கடுமையைக் குறிக்கும் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சில மருந்துகள் தரும் பலனுக்கு இது ஒப்பானது என்றும் அவர்கள் குறிப்பிட்டார்கள்.

அங்கே நடந்தது என்ன என்பதுதான் சுவை. பேயோட்டுதல் இல்லை, சவுக்கடி இல்லை, தனிச் சடங்கு என்று எதுவும் இல்லை. காலையில் எளிய வழிபாடு. பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள். வீட்டார் ஒருவர் உடன் தங்கியிருப்பார். வந்தவர் யார், எதற்கு வந்திருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும், தெரிந்தே ஏற்றுக்கொள்வார்கள். அச்சுறுத்தாத, ஆதரவான அந்தச் சூழலையே மருத்துவர்கள் பலனுக்குக் காரணமாகக் கண்டார்கள். 31 பேரை மட்டும் பார்த்த சிறிய ஆய்வு இது. வேறொரு குழுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. ஆகவே மாத்திரையை உண்டியலில் போட்டுவிடலாம் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. திருச்சிக்கு அருகே குணசீலத்தில் பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியை நாடி ஒரு மண்டலம் தங்கும் மனநோயாளிகளுக்கு, கோயிலைச் சார்ந்த இல்லத்தில் மனநல மருத்துவரின் கவனிப்பும் இருக்கிறது. தீர்த்தமும் மருந்தும் ஒரே இடத்தில் கிடைக்க வழி செய்த அந்தக் கோயிலாரைப் பாராட்ட வேண்டும்.

முத்துசாமி கோயிலில் கிடைத்த மூன்றையும், அதாவது மறைக்க வேண்டாத நிலை, தாங்கக்கூடிய அளவு வேலை, அருகில் ஓர் ஆதரவு ஆகியவற்றை, ஓர் ஆலை தர முடியாதா? முடியும் என்பதற்குச் சென்னையில் ஒருவர் வாழ்ந்து காட்டினார். டாக்டர் சாரதா மேனன் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1923இல் மங்களூரில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்து, 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். 1794இல் தோன்றிய அந்த மருத்துவமனையைச் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்திய காலம் அது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்ற கேலிச் சொல்லை இன்றும் சிலர் கூசாமல் சொல்கிறார்கள். குணமானவர்களை அழைத்துப்போக வீட்டார் வராத வேதனையை அவர் அங்கே கண்ணால் கண்டார். பணி ஓய்வுக்குப் பின் 1984இல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு, மருந்தோடு நிற்காமல் தொழிற்பயிற்சியையும் மறுவாழ்வையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. 1992இல் பத்மபூஷண் பெற்றார். 98 வயது வாழ்ந்து 2021 டிசம்பரில் காலமானார். முதுமையிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

மறைத்து வைப்பதன் எல்லை எங்கே போய் முடியும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டார்கள். அந்தச் சங்கிலிகளை நினைத்தாலே நெஞ்சு பதறும். ஊர் அறியாமல் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டால் போதும் என்று நினைத்த வீடுகள் அவற்றுக்குப் பின்னால் இருந்தன என்பதும் உண்மை.

அதன் பிறகு சட்டங்கள் வெகுதூரம் வந்துவிட்டன. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் வரையறைக்குள் சேர்த்தது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றது. நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காப்பது அவரது உரிமை என்றும் சொன்னது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவருக்கு மனநோய் இருந்த நிலையில் எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 17ஆம் தேதி ரத்து செய்தது. குற்றம் சாட்டப்பட்ட நடத்தைக்கு மனநோய் ஒரு காரணமாக இருந்தாலே போதும், அந்த நடவடிக்கை பாகுபாடாகிவிடும் என்பது தீர்ப்பின் சாரம். துப்பாக்கி ஏந்தும் படையிலேயே இது பொருந்தும் என்றால், பிற அலுவலகங்கள் சொல்ல என்ன இருக்கிறது?

ஆயினும், சட்டத்தை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடு என்று ஒரு பிள்ளையை ஆலைக்கு அனுப்புவது நியாயமாகாது. சிப்காட் ஆலைகளில் வேலை செய்பவர்களில் ஏராளமானோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஓர் அறையில் பலராகத் தங்கியிருப்பவர்களும் அவர்களில் உண்டு. காரணம் சொல்லாமல் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிடும் ஒப்பந்ததாரரிடம் எந்தச் சட்டப் பிரிவைக் காட்டுவது? அவர்களுக்குப் படி ஏறிச் சொல்லப் பழகிய கோயிலும் இங்கே இல்லை, கேட்கத் தாயும் இல்லை. அந்தக் குறை நிர்வாகங்களுடையது, அரசினுடையது. எளாவூர்ப் பெரியவர்கள் அவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுகிறவர்களாகவும் இருப்பதால், வாடகை வாங்கும் நாளில் முகம் பார்த்து நலம் விசாரிப்பதாவது செய்யலாம்.

நிரந்தரப் பணியில் இருக்கும் மகன் சொல்வதிலும் ஒரு முறை உண்டு. சொல்லலாமா, யாரிடம் சொல்லலாம் என்பதை அவனே தீர்மானிக்க வேண்டும். பெற்றோர் அவனுக்குத் தெரியாமல் மேலாளரைச் சந்தித்துச் சொல்வது, மறைப்பதைவிடப் பெரிய பிழையாகக்கூட முடியலாம். ஊரெல்லாம் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் உண்மை நோயைச் சொல்வது முதல் படி. ஆலை மருத்துவ அதிகாரியிடமோ பணியாளர் நலப் பிரிவில் நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லி, சில மாதங்களுக்கு இரவு ஷிப்டும் உலை அருகிலான வேலையும் வேண்டாம் என்று கேட்பது அடுத்தது. சர்க்கரை நோய்க்காரர் சாப்பாட்டு நேரத்தை மாற்றித் தரும்படி கேட்பதைப் போன்ற வேண்டுகோள்தான் இதுவும்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், அது அவர்களால் மட்டுமே ஆகக்கூடியது. வாயைத் திறக்காதே என்று அவர்கள் போட்ட தடையை அவர்களே எடுக்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் தங்களுக்காக மறைப்பதில்லை. அம்மா தலைகுனிவாள், தங்கையின் கல்யாணம் தடைபடும் என்றே மறைக்கிறார்கள். "உனக்குச் சொல்லணும்னு தோணினா சொல்லு, எங்களைப் பத்திக் கவலைப்படாதே" என்று தகப்பனார் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால், அந்தப் பிள்ளையின் பாரத்தில் பாதி இறங்கிவிடும். தங்கைக்கு வரும் சம்பந்தத்தைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால், நாட்டில் பெரியவர்களுள் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் குறை அப்போது இருந்தது என்று 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு கூறியது. வரப்போகும் சம்பந்தி வீட்டிலும் இப்படி ஒரு கயிறும் ஒரு மாத்திரைச் சீட்டும் அலமாரியில் ஒளிந்திருக்கக் கூடும்.

முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, இரவும் பகலும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நேரில் போக வேண்டும் என்றால், திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அமாவாசை வேலைநாளில் வந்தால், குளத்தில் வெல்லம் கரைத்து, பெருமாளைச் சேவித்து, மனநல மருத்துவரையும் பார்த்துவிட்டு, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி இருட்டுவதற்குள் எளாவூருக்குத் திரும்பிவிடலாம்.